தனித்தொட்டியில் முப்பது நாள்

செப்டம்பர் 12, வெள்ளி

தூத்துக்குடியில் மீனுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னால் சிரிக்கிறார்கள். இன்று காலை செத்து மிதந்த டாம்செல் மீனை நான் வலையால் எடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருந்த மனிதர் பக்கத்தில் வந்து நின்று, "இத கொழம்பு வைக்கலாமா மேடம், இல்ல பொரிக்கத்தான் ஆகுமா?" என்று கேட்டார். கட்டுப் போடாத கண்ணால் சிரிக்க வேறு செய்தார். வலையை அவர் சட்டையில் உதறியிருப்பேன். நோயாளியாயிற்றே என்று விட்டேன்.

கண் சொட்டு மருந்துக் கம்பெனி கொடுத்த டைரி இது. பிப்ரவரிக்குப் பிறகு எழுதவில்லை. முதல் பக்கத்தில் பெயர், தொழில், இரத்த வகை எல்லாம் கேட்டிருக்கிறது. பெயர் எமல்டா. தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டிருக்கிறேன். இந்தக் கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பறையில் எண்ணூறு லிட்டர் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. ஏழு வருடமாக அதற்கு நான்தான் பொறுப்பு. பெரிய டாக்டரிலிருந்து கேண்டீன்வரை எல்லோருக்கும் நான் "மீன் மேடம்".

டாம்செல் இரண்டு செத்துவிட்டன. மீதி நான்கும் பம்ப் தண்ணீர் தள்ளும் இடத்தில் முகத்தைக் கொடுத்துக்கொண்டு நிற்கின்றன. செவுள் படபடவென்று அடித்துக்கொள்கிறது. வண்ணாத்தி மீன் இரண்டும் பாறையில் உடம்பைத் தேய்க்கின்றன. நான்கு நாளைக்கு முன்னால் எல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டவை. வெண்புள்ளி நோயாக இருக்கும் என்று நினைக்கிறேன். உப்புத் தூவியதுபோல் புள்ளி வரும். ஆனால் இன்னும் புள்ளியைக் காணோம்.

இது எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவே வேண்டாம். புதிதாக வந்தவை அந்த இரண்டு கோமாளி மீன்கள்தான். சென்னை வியாபாரி ஒருத்தன் ஒரு மாதம் இழுத்தடித்து, ரயில் பார்சலில் அனுப்பியவை. இவன்களுக்கெல்லாம் மனசாட்சி என்று ஒன்று உண்டா? நோய் பிடித்த மீனைப் பாலிதீன் பையில் கட்டி அனுப்பிவிட்டு, "ஹெல்த்தி பேர் மேடம்" என்று போனில் சொல்கிறான். புது மீனை முப்பது நாள் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகுதான் பெரிய தொட்டியில் விடவேண்டும் என்பது விதி. தனித்தொட்டியில் வைத்துத்தான் விட்டேன்.

செப்டம்பர் 13, சனி

காலையில் வழக்கம்போல் சிதம்பரநகரில் ஒரு வீட்டுத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை முடித்துவிட்டு ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்று டாம்செல், ஒரு வண்ணாத்தி செத்துக் கிடந்தன. ஏஞ்சல் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஒரு சாண் நீளம், நீலத்தில் மஞ்சள் கோடு, இந்தத் தொட்டியின் பெரிய மனுஷர் அவர்தான். செருப்பைக்கூட மாட்டாமல் மாடிக்கு ஓடி, பெரிய பிளாஸ்டிக் டப்பாக்களைக் கொண்டுவந்து, மிஞ்சிய ஐந்தையும் மாற்றினேன். ஒரு டாம்செல், ஒரு வண்ணாத்தி, ஏஞ்சல், அந்த இரண்டு கோமாளிகள். கோமாளிகளுக்கு ஒன்றுமே இல்லை! கொண்டுவந்த புண்ணியவான்கள் சாப்பாடு கேட்டு டப்பாவைச் சுற்றுகிறார்கள்.

ஆனால் இன்றைய அநியாயம் இது அல்ல.

மேனேஜர் கோயில்பிள்ளை என்னைக் கூப்பிட்டு கேமரா பதிவைக் காட்டினார். காலை ஏழு ஐந்து. தரை துடைக்கும் ஆவுடையம்மாள் தொட்டியின் மூடியைத் தூக்குகிறாள். ஒரு வாளியை எடுக்கிறாள். ஊற்றுகிறாள்.

"பினாயிலு" என்றார் மேனேஜர். "சோலி முடிஞ்சிச்சா?"

பதினோரு வருடமாக வேலை பார்க்கிற பெண். ஒரு ஊசி மூடிகூட வீட்டுக்கு எடுத்துப்போகாதவள். அவளை அறைக்குள் வரச்சொல்லி, நிற்கவைத்துக் கேட்கிறார்.

"நல்ல தண்ணிதான் சார் ஊத்துனேன். தொட்டில தண்ணி கொறஞ்சிருந்துச்சு."

"தொட்டி மீன் மேடம் வேலைல்லா? ஒன்னய யாரு ஊத்தச் சொன்னா?"

ஆவுடையம்மாள் பதில் சொல்லவில்லை. நான் அப்போது இறால்களைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தேன். சத்தமாகவே பேசினேன். பெரிய தொட்டியில் இரண்டு இறாலும் ஒரு நட்சத்திர மீனும் சொகுசாகத் திரிகின்றன. பினாயில் ஒரு மூடி விழுந்தாலும் முதலில் சாவது அவைதான், மீன் அதற்கப்புறம்தான் சாகும் என்றேன். கடல்நீர்த் தொட்டியில் ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நின்றுவிடும், அதனால் குறைகிற அளவுக்குத் தினமும் நல்ல தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும் என்றும் சொன்னேன்.

"எறாலு சாக்கடத் தண்ணிலயே கெடக்கும் மேடம். அதுக்கு ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டார், ஏதோ இறால் குஞ்சு பொரித்து வளர்த்தவர் மாதிரி.

விசாரணை முடியும்வரை ஆவுடையம்மாள் வேலைக்கு வரக்கூடாதாம். அவள் பையை வாட்ச்மேன் திறந்து பார்த்துத்தான் வெளியே விட்டார். ஒரு ஏழைப் பெண் கையில் வாளி இருந்தால் அதில் விஷம்தான் இருக்கும் என்று எப்படித்தான் இவர்களுக்குத் தோன்றுகிறதோ.

செப்டம்பர் 14, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கம் காதில் விழவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

இன்று நோயைக் கண்டுபிடித்துவிட்டேன்.

லேப் டெக்னீசியன் ஷாகுல் நல்ல பையன். ஐஸில் வைத்திருந்த டாம்செலைக் கொண்டுபோனதும், "அக்கா, ஆஸ்பத்திரி மைக்ரோஸ்கோப்ல மீனா? மேனேஜர் பாத்தா என்னையத் தூக்கி அந்தத் தொட்டிலயே போட்டுருவாரு" என்றான். சொல்லிக்கொண்டே கண்ணாடித் துண்டைத் துடைத்துக் கொடுத்தான்.

செவுளில் ஒரு நுனியை வெட்டி, ஒரு சொட்டுக் கடல்நீரில் வைத்துப் பார்த்தோம். வெண்புள்ளியாக இருந்தால் பெரிய உருண்டையாக, மயிர் முளைத்து, மெதுவாகச் சுழலும். இது சுழலவில்லை. சின்னச் சின்னக் கருத்த உருண்டைகள், பேரிக்காய் மாதிரி, செவுள் இழைகளைக் கவ்விக்கொண்டு அசையாமல் இருந்தன. ஒரு இழையில் மட்டும் இருபதுக்குமேல் எண்ணினேன். ஷாகுல் பார்த்துவிட்டு, "இத்தன பேரு மூக்கப் பொத்துனா எவன்க்கா உசுரோட இருப்பான்" என்றான்.

வெல்வெட் நோய். செவுளை முதலில் அடைக்கும். அதனால்தான் உடம்பில் புள்ளியே வராமல் மூச்சுமுட்டிச் செத்திருக்கின்றன. பார்ப்பவருக்கு விஷம் வைத்தது மாதிரிதான் தெரியும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஏஞ்சலைப் பார்த்தபோது, முதுகில் தங்கப்பொடி தூவியது போல் ஒரு மினுக்கம் தெரிந்தது. இரண்டு நாளாக நான் அதைப் பார்க்காமல் வெண்புள்ளி வெண்புள்ளி என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உடனே நல்ல தண்ணீர்க் குளியல். அதே சூடு, அதே காரத்தன்மைக்குச் சரிபார்த்த நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம். கடல் மீன் அதைத் தாங்கும், ஒட்டுண்ணி தாங்காமல் வீங்கி விழும். ஏஞ்சல் உள்ளே போனதும் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. ஒரு கண் என்னையே பார்த்தது. மூன்றாவது நிமிடத்தில் என் கை வலையை எடுத்துவிட்டது. ஷாகுல், "இன்னும் ரெண்டு நிமிசம்க்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டான். ஐந்து முடிந்ததும் எடுத்துப் புதுக் கடல்நீர் டப்பாவில் விட்டேன். நிமிர்ந்து நின்றது. அழுதுவிட்டேன் என்று எழுதுவதில் வெட்கம் இல்லை.

இனி செம்பு மருந்து. இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பிறகு பதினான்கு நாள் இரண்டுக்குக் குறையாமல், இரண்டரையைத் தாண்டாமல் நிறுத்தவேண்டும். குறைந்தால் கிருமி பிழைக்கும், கூடினால் மீன் சாகும். பெரிய தொட்டியில் இதை ஊற்றினால் இறாலும் நட்சத்திரமும் போய்விடும், அதனால் டப்பாவில் மட்டும். பெரிய தொட்டி ஆறு வாரம் மீன் இல்லாமல் கிடக்கவேண்டும். கவ்விக்கொள்ள மீன் கிடைக்காத கிருமி பட்டினி கிடந்தே அழியும்.

நாளைக்கு மேனேஜர் முகத்துக்கு நேரே இதைச் சொல்வேன். பினாயிலாம் பினாயில்!

செப்டம்பர் 16, செவ்வாய்

வண்ணாத்தி செத்துவிட்டது. நான்கு மிச்சம்.

ஷாகுல் எடுத்த போட்டோவை மேனேஜர் மேஜையில் வைத்தேன். பார்த்தார். நான் எதிர்பார்த்ததைவிட நிதானமாகப் பார்த்தார்.

"சரி மேடம். விஷம் இல்ல, கிருமிதான். ஒத்துக்கிடுதேன். அந்தக் கிருமி எங்கேருந்து வந்துச்சு?"

சென்னைக்காரனைச் சொன்னேன். அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து என் பதிவேட்டை எடுத்தார். இந்த ஆஸ்பத்திரியில் எல்லாவற்றுக்கும் பதிவேடு உண்டு, மீனுக்கும்கூட. தர ஆய்வுக்காரர்கள் வந்து கேட்பார்களாம்.

"இந்தா, நீங்களே எழுதிருக்கீய. கோமாளி மீன் ரெண்டு, வந்த தேதி ஆகஸ்ட் ரெண்டு. தனித்தொட்டியில் முப்பது நாள் நிறைவு, நோய்க்குறி இல்லை. கீழ உங்க கையெழுத்து. முப்பது நாள் சுத்தமா இருந்த மீன்ல கிருமி எப்படி வரும்? வேற என்ன உள்ள போச்சு? அந்தம்மா வாளி ஒண்ணுதான். அவ வீட்டுக்காரன் துறைமுகத்துல மீன் ஏலக்கூடத்துல நிக்கான். அங்கேருந்து வாளில எதயாவது மோந்துட்டு வந்து ஊத்திருப்பா."

"அது நல்ல தண்ணி சார். இந்தக் கிருமி நல்ல தண்ணில அஞ்சு நிமிஷம் தாங்காது."

"நல்ல தண்ணின்னு நீங்க கண்டீயளா?"

என்ன பேச்சு இது! கிருமி என்று நிரூபித்தால் அதையும் அவள் தலையிலேயே கட்டுகிறார். முதலில் பினாயில் வைத்தவள், இப்போது கிருமி கொண்டுவந்தவள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அவள்தான் குற்றவாளி என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு என்னிடம் கேள்வி கேட்கிறார். இப்படிப்பட்ட மனிதர்களிடம் உண்மையைச் சொல்லித்தான் என்ன ஆகப்போகிறது?

தனியாகத்தான் வைத்திருந்தேன். எத்தனை நாள் என்பது வேறு விஷயம்.

செப்டம்பர் 17, புதன்

செம்பு 2.1. சிதம்பரநகர் வீட்டுக்கு இரண்டு நாள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே, பழக்கடை நிழலில் ஆவுடையக்கா நின்றிருந்தாள். உள்ளே விடமாட்டார்கள் என்று அவளுக்கே தெரியும். நான் பஸ்ஸிலிருந்து இறங்குவதற்காகக் காத்திருந்திருக்கிறாள்.

"ஏஞ்சலு எப்படிருக்கு மேடம்?" என்றுதான் முதலில் கேட்டாள்.

பிழைத்துக்கொள்ளும் என்றேன். மேனேஜரைத் திட்டினேன். வாட்ச்மேன் பையைத் திறந்து பார்த்ததற்காக வாட்ச்மேனையும் திட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"நான் ஒண்ணும் சொல்லல மேடம். தண்ணி ஊத்துததப் பத்தி யாருட்டயும் சொல்லாண்டாம்னு சொல்லிருந்தீயள்லா. கேட்டாவ. நான் வாயத் தொறக்கல."

"தெரியும் அக்கா."

"தெருவுல மீனுக்கு வெசம் வச்சவன்னு பேசுதாவ. எதுத்தாப்புல உள்ள ஆஸ்பத்திரில வேல கேட்டுப் போனேன். ஒங்க மேனேஜருட்ட கேட்டுட்டுச் சொல்லுதோம்னுட்டாவ. வெசாரணன்னு சொன்னாவள்லா, அது என்னைக்கு?"

தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

காலை ஏழு மணிக்குத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றவேண்டியது நான். சிதம்பரநகர் வீட்டு வேலையை ஒத்துக்கொண்ட பிறகு என்னால் ஏழுக்கு வரமுடியவில்லை. தண்ணீரை முந்தின சாயங்காலம் நானே கேனில் பிடித்து வைத்துவிடுவேன். வாளியும் நான் வாங்கிக் கொடுத்தது, தரைக்குப் பயன்படுத்தாத தனி வாளி. அவள் ஊற்றுவாள், அவ்வளவுதான். ஒன்றரை வருடமாக ஒரு நாள்கூட ஒரு குறை வந்ததில்லை. இதில் என்ன தப்பு? நாட்டில் எத்தனை பேர் எத்தனை வேலையை எத்தனை பேரிடம் சொல்லிச் செய்கிறார்கள்.

செப்டம்பர் 22, திங்கள்

டாம்செலும் போய்விட்டது. ஏழு நாள் செம்பைத் தாங்கிவிட்டு, இன்று காலை டப்பாவின் மூலையில் கிடந்தது. உடம்பில் கிருமி இல்லை, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டேன். செவுள் முன்பே அரித்துப்போயிருந்தது. மருந்து வேலை செய்யும் முன்னாலேயே சேதம் நடந்து முடிந்திருக்கிறது.

எழுதிவிடுகிறேன்.

பார்சல் வந்தது ஆகஸ்ட் 2 அல்ல, செப்டம்பர் 2. செப்டம்பர் 4 வியாழக்கிழமை குழந்தைகள் கண் பிரிவின் திறப்பு விழா. பெரிய டாக்டர் ஆறுமுகநயினார் ஜோசியரிடம் கேட்டு நல்ல நேரம் குறித்திருந்தார், பத்தே முக்காலிலிருந்து பதினொன்றே முக்கால்வரை. குத்துவிளக்கு ஏற்றியதும் சிறப்பு விருந்தினர் கையால் ஜோடிக் கோமாளி மீன்களைத் தொட்டியில் விடுவது என்று அழைப்பிதழிலேயே அச்சடித்துவிட்டார்கள். "மங்கள மீன் விடுதல்" என்று. இப்படி ஒரு சடங்கை யார் கண்டுபிடித்தார்கள் என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தவரை உலகத்தில் எங்கும் கிடையாது.

பார்சல் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தது. பெரிய டாக்டரிடம் போய், "முப்பது நாள் ஆகும் சார், விழாவுக்கு முடியாது" என்று சொல்லியிருக்கவேண்டும். அவர் கத்தியிருப்பார். கத்தட்டுமே. நான்கு நாள் முறைத்திருப்பார். நான் சொல்லவில்லை. பத்திரிகை போட்டோவில் விருந்தினர் பக்கத்தில் நான் பட்டுப்புடவையோடு நிற்கிறேன். பாலிதீன் பையின் ஒரு முனையைப் பிடித்திருப்பது என் கைதான்.

தனித்தொட்டியில் அவை இருந்தது ஒரு நாளும் கொஞ்சமும். பதிவேட்டில் மாதத்தை மாற்றி எழுதியது விழா முடிந்த மறுநாள். மேனேஜர் கேட்டு எழுதவில்லை. யாரும் கேட்கவில்லை. காலியாக இருந்த பத்தியைப் பார்க்கப் பிடிக்காமல் நானாக எழுதினேன்.

கோமாளி மீனின் உடம்பில் வழவழப்புக் கனம். கிருமியைச் சுமந்துகொண்டே தான் சாகாமல் திரியும். எனக்கு இது தெரியும். இந்த ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 24, புதன்

செம்பு 2.2. ஏஞ்சல் முதல்முறையாகச் சாப்பிட்டது. கணவாய்த் துண்டு, மூன்று வாய்.

செப்டம்பர் 26, வெள்ளி

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு விசாரணை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். "தொட்டி மீன்கள் இறப்பு தொடர்பாகத் துப்புரவுப் பணியாளர் மீதான விசாரணை." பணியாளர் மீதான! முடிவைத் தலைப்பிலேயே எழுதிவிட்டுப் பிறகு என்ன விசாரணை என்று ஷாகுலிடம் கத்தினேன். அவன் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தான்.

"அக்கா, பத்து நாளா கத்திட்டுத்தான் இருக்கீங்க. எங்கிட்டயே கத்துறீங்க. அங்க போய் என்ன சொல்லப் போறீங்க?"

இறால்களைப் பற்றிச் சொல்வேன் என்றேன். அவன் டீயை எடுத்துக்கொண்டான்.

செப்டம்பர் 29, திங்கள்

பெரிய டாக்டர் அறை. அவர், மேனேஜர், நான். மூன்று பேருக்கும் நாற்காலி. ஆவுடையக்கா கதவோரம் நின்றாள். தலைக்கு எண்ணெய் வைத்து, இஸ்திரி போட்ட புடவை கட்டி வந்திருந்தாள்.

மேனேஜர் கேமரா பதிவைப் போட்டுக் காட்டினார். பதிவேட்டைத் திறந்து என் எழுத்தை உரக்கப் படித்தார். முப்பது நாள் நிறைவு, நோய்க்குறி இல்லை. கோர்ட்டில் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் படித்தார். ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு எதிராகப் போய் விழுந்தது. அந்த ஆளை இத்தனை நாள் மடையர் மாதிரி எழுதியிருக்கிறேன். அவர் சொன்னதில் ஒரு ஓட்டையும் இல்லை. அந்தப் பதிவேடு உண்மையாக இருந்தால் அவர் சொல்வதுதான் சரி.

பெரிய டாக்டர் கேட்டார்: "யாரும்மா உங்கள ஊத்தச் சொன்னாங்க?"

அவள் தரையைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் தெரிந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

"நான்தான் சார் சொன்னேன்" என்றேன்.

பிறகு எல்லாமே வந்துவிட்டது. கேன் தண்ணீர், சிதம்பரநகர் வீடு, செப்டம்பர் 2, நல்ல நேரம், பட்டுப்புடவை. வரிசையாகச் சொல்லவில்லை. குரல் ஏறி இறங்கியது. கோயில்பிள்ளை பதிவேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பதிவேட்டைப் பார்த்தார்.

பெரிய டாக்டர் பேனாவை உருட்டினார். கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப சீஃப் கெஸ்ட் விட்ட மீன்லதான் வந்திருக்கு?"

"ஆமா சார்."

"இது வெளிய போகவேண்டாம்." பிறகு மேனேஜரிடம், "நவம்பர்ல ஆய்வுக்கு வர்றாங்க. பதிவேடு இப்ப இருக்கிறபடியே இருக்கட்டும். அந்தம்மா வேலைக்கு வரட்டும். எச்சரித்து மன்னிக்கப்பட்டதுன்னு எழுதிக்குங்க. எமல்டா, உங்களுக்கு அடுத்த மாசத்தோட காண்ட்ராக்ட் முடியுது, புதுப்பிக்க வேண்டாம்."

மன்னிக்கப்பட்டது! செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு. இந்த ஒரு மாதத்தில் எனக்கு வந்த கோபத்திலேயே நியாயமான கோபம் இதுதான். எழுந்து, மேனேஜர் கையிலிருந்த பதிவேட்டைப் பிடுங்கினேன். பிடுங்கினேன் என்பதுதான் சரி. ஆகஸ்ட் 2 என்பதை அடித்து, செப்டம்பர் 2 என்று எழுதினேன். முப்பது நாள் என்பதை அடித்து, ஒன்றரை நாள் என்று எழுதினேன். கீழே, "நோய் நான் விட்ட மீன்களால் வந்தது. ஆவுடையம்மாள் என் சொற்படி நல்ல தண்ணீர் ஊற்றினார். அவர்மேல் தவறு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே காத்திருந்த ஷாகுலைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுக்கச் சொன்னேன். பெரிய டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை, சொல்ல நேரம் இருக்கவில்லை. மேனேஜர், விசாரணைத் தாளில் எழுதியிருந்த "எச்சரித்து மன்னிக்கப்பட்டது" என்பதை அடித்தார்.

திரும்பிப் பார்த்தபோது கதவோரம் யாரும் இல்லை.

அக்டோபர் 1, புதன்

செம்பு பதினான்கு நாள் முடிந்தது. ஏஞ்சலையும் கோமாளிகளையும் சுத்தமான டப்பாவுக்கு மாற்றினேன். டார்ச் அடித்துப் பார்த்தேன், முதுகில் மினுக்கம் இல்லை.

சாயங்காலம் தாளமுத்துநகருக்குப் போனேன். ஆப்பிள் ஒரு கிலோ வாங்கிக்கொண்டேன். நோயாளியைப் பார்க்கப் போவது மாதிரி. ஆவுடையக்கா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"உங்க மேல தப்பில்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன் அக்கா. திங்கக்கிழமையே வரலாம்."

"எம்மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியாதாக்கும்? நீங்க எழுதித்தான் நான் தெரிஞ்சுக்கிடணுமோ?"

நான் பேச வாயெடுத்தேன். அவள் கையிலிருந்த ஈரத் துணியைக் கொடியில் போட்டாள். உதறாமலேயே போட்டாள்.

"பதினாறு நாளு மேடம். அன்னைக்கு அந்த ஏஞ்சலு மூச்சு வாங்குதுன்னு செருப்பக்கூட மாட்டாம ஓடுனீயள்லா, நான் மாப்போட அங்கனதான் நின்னேன். ஒரு மீனுக்காவ இம்புட்டு ஓட்டம் ஓடுதாவளே, நல்ல மனசுன்னு நெனச்சேன். அன்னைக்கே மேனேஜரு ரூம்புல வச்சுக் கேட்டாவ. பக்கத்துல நின்னீய. எறாலப் பத்திப் பேசுனீய."

"பயந்துட்டேன் அக்கா."

"நான் வாயத் தொறக்காம இருந்தது உங்களுக்குப் பயந்துன்னு நெனச்சீயளோ? நீங்களே சொல்லிருவீயன்னு நெனச்சேன் மேடம். இன்னைக்குச் சொல்லிருவாவ, நாளைக்குச் சொல்லிருவாவன்னு ஒவ்வொரு நாளும் நெனச்சேன். பழக்கடையில வந்து நின்னேன்லா, அது ஏஞ்சலக் கேக்கவா வந்தேன்?" குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "ஆப்பிள எடுத்துட்டுப் போங்க. வீட்டுல யாருக்கும் சீக்கு இல்ல."

பஸ்ஸில் வரும்போது யார்மேலாவது கோபப்பட்டுப் பார்த்தேன். சென்னைக்காரன், ஜோசியர், பெரிய டாக்டர், கோயில்பிள்ளை. ஒருவர்மேலும் நிற்கவில்லை. ஆப்பிள் பை மடியிலேயே இருந்தது.

அக்டோபர் 6, திங்கள்

சிதம்பரநகர் வீட்டு வேலையை விட்டுவிட்டேன். காலை ஏழுக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் நானே தண்ணீர் ஊற்றினேன். மாத முடிவுவரை நான்தான்.

ஆவுடையக்கா வந்திருந்தாள். வரவேற்பறையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நாற்காலிகளுக்கு அடியில், தூண் ஓரத்தில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால். தொட்டியை மட்டும் ஒரு முழம் தள்ளி விட்டுவிட்டுச் சுற்றிப் போனாள். ஈரத் தரைக்கு நடுவில் அந்த இடம் காய்ந்து, தூசியோடு தெரிந்தது. நோயாளிகள் டோக்கனோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் வந்து, "அங்கன விட்டுட்டியம்மா" என்றார்.

"அது மேடம் எடம் சார். நான் கிட்டப் போவல."

சத்தமாகத்தான் சொன்னாள். எல்லோருக்கும் கேட்டது. கோயில்பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

நான் எழுந்துபோய் அவள் கையிலிருந்த மாப்பைக் கேட்டேன். கொடுத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டியைச் சுற்றித் துடைத்தேன். எனக்குப் பழக்கமில்லை. தண்ணீர் அதிகமாகிக் கோடு கோடாக நின்றது. முதுகுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். முடித்துவிட்டு மாப்பை அவளிடம் நீட்டினேன்.

வாங்கிக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. வாளியில் அலசி, நன்றாகப் பிழிந்து, நான் துடைத்த இடத்தை மறுபடியும் முதலிலிருந்து துடைத்தாள்.